விண்டோஸ் 10-இலிருந்து லினக்ஸ் மின்டுக்கு: என் பழைய மடிக்கணினியும் அதிலுள்ள தமிழ்க் கோப்புகளும்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. 2014-இல் வாங்கிய என் மடிக்கணினி அன்றும் நன்றாகத்தான் இயங்கிக்கொண்டிருந்தது. நான்காம் தலைமுறை இன்டெல் கோர் ஐ3 செயலி, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றோடு விண்டோஸ் 8.1 நிறுவப்பட்டு வந்த அந்தக் கணினி, பின்னர் கட்டணமில்லா மேம்படுத்தல் மூலம் பத்தாம் பதிப்புக்கு மாறியது. விண்டோஸ் 11-க்கு அது தகுதி பெறாது. அந்தப் பதிப்பு இன்டெல் செயலிகளில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையும் வேண்டும் என்கிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும் என்கிறது. எட்டாம் தலைமுறைச் செயலிகள் 2017-இல்தான் சந்தைக்கு வந்தன. ஆகவே அதற்கு முன் வாங்கப்பட்ட பெரும்பாலான கணினிகளின் நிலையும் இதுவே. விசைப்பலகையில் ஒரு விசைகூடப் பழுதாகாத, திரையில் ஒரு கோடுகூட விழாத கணினியைத் தூக்கி எறிய எனக்கு மனம் வரவில்லை; எறிவதற்குத் தொழில்நுட்பக் காரணமும் இல்லை. அதில் இப்போது, விண்டோஸுக்கு மாற்றான கட்டணமில்லா இயங்குதளமான லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் இயங்குகிறது.

இயங்குதளத்தை நிறுவுவது ஒரு மாலை நேர வேலை. தமிழில் எழுதிப் பழகியவருக்கு உண்மையான உழைப்பு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது: விசைப்பலகை, எழுத்துரு, பத்துப் பதினைந்து ஆண்டுகளாகச் சேர்ந்த கோப்புகள் என ஒவ்வொன்றையும் புதிய இடத்தில் குடியமர்த்த வேண்டியிருக்கிறது. லினக்ஸை நிறுவும் முறை பற்றித் தமிழிலேயே நிறைய எழுதப்பட்டுவிட்டதால், அதைச் சுருக்கிக்கொண்டு இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஆதரவு முடிந்தால் கணினி நின்றுவிடாது என்பதால், "ஓடும் வரை ஓடட்டும்" என்று விட்டுவிடுவோர் பலர். ஆனால் நின்றுபோவது பாதுகாப்புத் திருத்தங்கள். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் வெளியிடும் திருத்தங்கள் இனி பதினோராம் பதிப்புக்கே வரும். இரண்டு பதிப்புகளுக்கும் பொதுவான நிரல் பகுதிகள் ஏராளமாக இருப்பதால், புதியதில் அடைக்கப்பட்ட ஓட்டை எது என்று ஆராய்பவருக்குப் பழையதில் அதே ஓட்டை திறந்தே கிடப்பது தெரிந்துவிடும். 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவி மருத்துவமனைகளைக்கூட முடக்கிய, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வான்னாக்ரை பணயத் தீநிரலை நினைத்துப் பாருங்கள். அது பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தம் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளிவந்திருந்தது. திருத்தம் போடாத கணினிகளே வீழ்ந்தன. தனிநபர்களுக்கு மேலும் ஓராண்டு, அதாவது 2026 அக்டோபர் வரை, நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்கள் பெறும் வழி இருக்கிறது. வேறு வழி தேடுவதற்கான கால அவகாசமாக அதைக் கொள்ளலாம். தீர்வாகக் கொள்ள முடியாது. தகுதியில்லாத கணினியில் சோதனைகளைத் தாண்டிப் பதினோராம் பதிப்பை ஏற்றும் வழிகளும் இணையத்தில் உலவுகின்றன. அப்படி ஏற்றிய கணினிக்குத் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்ற உறுதியை மைக்ரோசாஃப்ட் தருவதில்லை என்பதால், அந்தப் பக்கம் நான் போகவில்லை.

லினக்ஸ் நம் ஊருக்குப் புதிதன்று. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாநில அரசு நிறுவனமான எல்காட் மூலம் மாணவர்கள் கைக்கு வந்த கணினிகள் பலவற்றில், விண்டோஸோடு மத்திய அரசின் ஆய்வு நிறுவனமான சிடாக் உருவாக்கிய பாஸ் என்ற லினக்ஸும் இருந்தது. அதைத் திறந்தே பார்க்காமல் விட்டவர்கள் பலர் என்பது என் கணிப்பு. சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் கையில் கொடுக்கப்பட்ட மென்பொருளுக்கு வேறென்ன நேரும்? பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வியே பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில், அதாவது யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமை தரும் மென்பொருளில் நடக்கிறது. அங்கே ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி கொடுத்தார்கள். இந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு கணினியில் லினக்ஸை ஏற்றிக் கொடுப்பவர், முதல் சில வாரங்கள் பக்கத்திலிருந்து பதில் சொல்லவும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

லினக்ஸின் பல வகைகளில், அதாவது வழங்கல்களில், மின்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளியது. கீழே இடது மூலையில் பட்டியல், வலது மூலையில் கடிகாரம், நடுவில் திறந்திருக்கும் சாளரங்கள் என்று விண்டோஸில் பழகிய கைக்கு அது அந்நியமாகத் தெரிவதில்லை. மின்ட் 22 வரிசை, இன்னொரு லினக்ஸ் வழங்கலான உபுண்டுவின் 24.04 நீண்டகால ஆதரவுப் பதிப்பின் மீது கட்டப்பட்டது. 2029 வரை அதற்குத் திருத்தங்கள் வரும். சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று திரைச்சூழல்களில் கிடைக்கும் அதில், 4 ஜிபி ரேம் உள்ள கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇ பொருந்தும். 8 ஜிபி இருந்தால் சின்னமனைத் தயங்காமல் போடலாம். இது 64 பிட் செயலிகளுக்கு மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும். 32 பிட் மட்டுமே இயங்கும் மிகப் பழைய கணினிகளுக்கு வழி குறுகிக்கொண்டே வருகிறது. மற்றொரு லினக்ஸ் வழங்கலான டெபியனின், 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பு அவற்றுக்கான நிறுவியைக் கைவிட்டுவிட்டது. டெபியன் 12-க்கு 2028 ஜூன் வரை நீண்டகால ஆதரவு இருப்பதால் அதுவரை அதை வைத்துக்கொள்ளலாம்.

இயங்குதளத்துக்கு முன்பாகவே செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. பழைய கணினி மெதுவாக இருப்பதற்கு முதற்காரணம் பெரும்பாலும் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். அதை எடுத்துவிட்டு அதே 2.5 அங்குல இடத்தில் சுழலும் பாகமில்லாத வட்டான ஒரு சாட்டா எஸ்எஸ்டியைப் பொருத்தியதும் என் கணினியின் நடையே மாறிவிட்டது. இந்த மாற்றத்தைச் செய்யாமல் லினக்ஸை மட்டும் ஏற்றிவிட்டு, "சொன்ன அளவுக்கு வேகமில்லையே" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் வட்டைப் பற்றித்தான் விசாரிப்பேன். ரேமையும் 8 ஜிபியாக்கினேன். அந்தத் தலைமுறை மடிக்கணினிகளுக்குப் பெரும்பாலும் 1.35 வோல்ட்டில் இயங்கும் டிடிஆர்3எல் வகைதான் வேண்டும். கடையில் வெறுமனே டிடிஆர்3 என்று கேட்டு வாங்கிவிடாமல், பழைய ரேமைக் கழற்றி எடுத்துப்போய்க் காட்டி வாங்குவது நல்லது. கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி உறையில் போட்டு வைத்தேன். பழைய விண்டோஸும் கோப்புகளும் அப்படியே அதில் இருப்பதால், அதுவே முதல் காப்பு நகலும் ஆயிற்று.

வட்டை மாற்றாமல் அதிலேயே நிறுவுகிறவர்கள் விண்டோஸை விட்டு வெளியேறுமுன் சிலவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். விரைவுத் தொடக்கம் என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தால், விண்டோஸ் முழுமையாக அணையாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் விட்ட வட்டுப் பகுதியை லினக்ஸ் படிக்க மட்டுமே அனுமதிக்கும், எழுத விடாது. வட்டு மறைகுறியாக்கத்தால் பூட்டப்பட்டிருந்தால், அதை நீக்கியோ மீட்புக் குறியீட்டை எழுதி வைத்தோதான் மேற்கொண்டு போக வேண்டும். விண்டோஸ் உரிமம் போய்விடுமோ என்ற கவலை தேவையில்லை. விண்டோஸ் 8 காலம் முதல் கணினியோடு விற்கப்பட்ட உரிமக் குறியீடு பெரும்பாலும் தாய்ப்பலகையின் நிலைநிரலிலேயே (வன்பொருளில் பதிந்த நிரலில்) பதிந்திருக்கும் என்பதால், எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போகலாம்.

ஏறத்தாழ 3 ஜிபி அளவுள்ள மின்ட் கோப்பைத் தரவிறக்கியதும், அதன் சரிபார்ப்புத் தொகையை (கோப்பு மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் குறியீட்டை) ஒப்பிடாமல் பென் டிரைவில் எழுதக் கூடாது. இது வெறும் சடங்கன்று. 2016 பிப்ரவரியில் மின்ட் வலைத்தளத்துக்குள் ஊடுருவியவர்கள், தரவிறக்க இணைப்பைத் திருப்பிப் பின்வாசல் வைத்த போலிக் கோப்பைச் சிலர் தலையில் கட்டிவிட்டார்கள். திட்டத்தினர் அதைக் கண்டுபிடித்து உடனே அறிவித்தார்கள். தளமே கைமாறினால் அதில் எழுதியிருக்கும் தொகையையும் மாற்றிவிட முடியும். ஆகையால் தொகையோடு வரும் இலக்கக் கையொப்பத்தையும் சரிபார்ப்பதே முழுமையான முறை.

பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கினால், எதையும் நிறுவாமலே முழு இயங்குதளமும் கண்முன் ஓடும். இந்த நிலையில் ஒரு மணி நேரமாவது செலவிடுங்கள் என்பதே எல்லோரிடமும் நான் வற்புறுத்துவது. வைஃபை இணைகிறதா, ஒலி கேட்கிறதா, கேமரா தெரிகிறதா, மூடியை மூடித் திறந்தால் கணினி விழித்துக்கொள்கிறதா என்பவற்றை அங்கேயே பார்த்துவிடலாம். சில வைஃபை சில்லுகளுக்கு இயக்கியை (அவற்றை இயங்கவைக்கும் மென்பொருளை)த் தனியே தரவிறக்க வேண்டியிருக்கும். இணையம் இல்லாமல் இணைய இயக்கியை எப்படி இறக்குவது என்று திகைக்க வேண்டாம். கைப்பேசியை யுஎஸ்பி கம்பியில் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்தால் லினக்ஸ் உடனே அடையாளம் கண்டுகொள்ளும். இரண்டு இயங்குதளங்களையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்வோர், விண்டோஸுக்குள் போகும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி நிற்பதைப் பார்ப்பார்கள். கணினியின் உட்கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொதுநேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் கொள்வதே அதற்குக் காரணம்; உள்ளூர் நேரத்தையே பயன்படுத்தும்படி லினக்ஸிடம் ஒரு கட்டளையில் சொல்லிவிடலாம்.

இனி தமிழுக்கு வருகிறேன். விண்டோஸில் என்ஹெச்எம் ரைட்டர், அழகி, இ-கலப்பை ஆகிய தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களில் ஏதேனும் ஒன்றில் பழகிய கை, லினக்ஸில் விசைப்பலகை அமைப்பைத் திறந்து, பட்டியலில் தமிழ்99 என்ற விசைப்பலகைத் தளக்கோலம் இருப்பதைக் கண்டு மகிழ்ந்து தேர்ந்தெடுக்கும். தட்டச்சிடத் தொடங்கியதும் அந்த மகிழ்ச்சி குறையும். தமிழ்99-இன் உயிர்நாடி தானாகப் புள்ளி இடும் முறைதான்: ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முதலாவதற்குப் புள்ளி விழ வேண்டும், ந-வுக்குப் பின் த, ங-வுக்குப் பின் க என்று இன எழுத்து வந்தாலும் அப்படியே. 'அம்மா' என்று எழுத நான்கு விசைகள் போதும் என்பது 1999-ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டையொட்டி உருவான அந்தத் தளக்கோலத்தின் அழகு. ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பது ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று மட்டும் அறிந்த எளிய அமைப்பு. முன்னால் என்ன எழுத்து வந்தது என்பதை அது பார்ப்பதில்லை. எனவே புள்ளி தானாக விழாது. நமக்கு வேண்டியது ஐபஸ் என்ற உள்ளீட்டுப் பொறியும், எம்17என் என்ற அதன் துணைத் தொகுப்பும். இரண்டையும் மென்பொருள் மேலாளரிலிருந்து நிறுவி, உள்ளீட்டு முறை அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வந்தால் தமிழ்99, தட்டச்சுப்பொறி, ஒலியியல், இன்ஸ்கிரிப்ட் ஆகிய முறைகள் கிடைக்கும். இலங்கையில் புழங்கும் ரெங்கநாதன் தளக்கோலமும் அதில் இருக்கிறது. லினக்ஸில் தமிழ் சரியாக எழுத வரவில்லை என்று சொல்லி விண்டோஸுக்குத் திரும்பியவர்களை நான் அறிவேன். அவர்களில் பலர் இந்த முதல் பட்டியலோடு நின்றுவிட்டவர்கள். இந்த இரண்டு தொகுப்புகளையும் தமிழைத் தேர்ந்தெடுத்து நிறுவும்போதே தானாகச் சேர்த்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டியவர்களும், செய்து கொடுக்கக்கூடியவர்களும் நாமேதான், நிரல் திறந்திருக்கிறது.

எழுத்துருவில் சிக்கல் வேறுவிதமானது. நோட்டோ, லோஹித் போன்ற தமிழ் எழுத்துருக்கள் கட்டற்ற உரிமத்தில் கிடைக்கின்றன. திரையில் தமிழ் மிகத் தெளிவாகவே தெரிகிறது. ஆனால் விண்டோஸோடு வரும் லதா, விஜயா, நிர்மலா ஆகியவை அந்த இயங்குதளத்தின் உரிமத்துக்கு உட்பட்டவை, இங்கே வருவதில்லை. லதாவில் அமைத்த ஓர் ஆவணத்தை, லினக்ஸில் வேர்டுக்கு மாற்றான லிப்ரே ஆபிஸில் திறந்தால் வேறு எழுத்துரு அந்த இடத்தில் நிற்கும். எழுத்தின் அகலம் மாறுவதால் வரிகள் இடம்பெயர்ந்து, பத்துப் பக்கம் ஒன்பதாகவோ பதினொன்றாகவோ ஆகிவிடும். சொற்களுக்கு எந்தச் சேதமும் இல்லை. பக்க அமைப்பு மாறவே கூடாத விண்ணப்பம், அழைப்பிதழ், சான்றிதழ் போன்றவற்றை விண்டோஸில் இருக்கும்போதே பிடிஎஃப் ஆக்கி வைத்துக்கொள்வது நல்லது. லிப்ரே ஆபிஸில் தமிழுக்குரிய இயல்பு எழுத்துருவைச் சிக்கலான உரை அமைப்பு என்ற தனிப் பிரிவில் குறிக்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மேலைநாட்டு எழுத்துக்கான பெட்டியில் எதை மாற்றினாலும் தமிழ் எழுத்து அசையாது.

என்னிடமிருந்த கோப்புகளில் பெரும்பகுதி, தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறியீடுகள் தரும் உலகப் பொதுத் தரமான யூனிகோடுக்கு முந்திய முறைகளில் அமைந்தவை. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட கட்டுரைகள், வானவில் எழுத்துருவில் அலுவலகங்களிலிருந்து வந்த சுற்றறிக்கைகள், டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையில்) மின்னஞ்சல் குழுக்களிலிருந்து சேமித்த உரைகள் என்று அவை பலவகை. புதிய கணினியில் பாமினிக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் தெரிகிறது. புள்ளி இருக்க வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. கோப்பு கெட்டுவிட்டது என்று யாரும் அதை அழித்துவிடக் கூடாது. உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது உண்மையிலேயே ஆங்கில எழுத்துகள்தாம். அந்த எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவே. உடனடித் தேவைக்கு, பழைய கணினியின் எழுத்துருக் கோப்பை எடுத்து வந்து, பயனர் கோப்புறையில் எழுத்துருக்களுக்குரிய இடத்தில் போட்டால் லினக்ஸிலும் ஆவணம் முன்போலவே தெரியும், அச்சாகும்.

ஆனால் தேட முடியாது. கணினிக்குள் 'காவிரி' என்று தேடினால் பாமினியில் எழுதிய காவிரி அகப்படாது. தமிழ்நாட்டு அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுப் பதினைந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. பழைய கோப்புகளை மாற்றுவதை இன்னும் தள்ளிப்போட நியாயமில்லை என்று முடிவு செய்து அந்த வேலையில் இறங்கினேன். ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நிரலகத்தில் பாமினி, டிஸ்கி, வானவில் உள்ளிட்ட பல குறியாக்கங்களிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் செயல்கூறுகள் இருக்கின்றன. வெறும் தமிழ் மட்டுமே உள்ள உரைக்கோப்புகள் நொடியில் மாறிவிட்டன. தமிழும் ஆங்கிலமும் கலந்த ஆவணங்களில்தான் கவனம் வேண்டும். மாற்றிக்கு இரண்டும் ஒரே எழுத்துகளாகத் தெரிவதால், உண்மையான ஆங்கிலச் சொல்லையும் தமிழென்று கருதிப் பொருளற்ற எழுத்துக் கோவையாக்கிவிடும். இதற்கு வழி ஆவணத்துக்குள்ளேயே இருக்கிறது. எந்தத் துண்டு எந்த எழுத்துருவில் அமைந்தது என்ற குறிப்பை வேர்டு கோப்பு தன்னுள் வைத்திருக்கிறது. அந்தக் குறிப்பைப் படித்துப் பாமினித் துண்டுகளை மட்டும் மாற்றும்படி ஒரு சிறு நிரல் எழுதிக்கொண்டால் ஆங்கிலம் தப்பிவிடும். அந்தக் குறிப்பில்லாத வெறும் உரைக்கோப்புகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத் திருத்துவதைத் தவிர வேறு வழியில்லை. மாற்றிய பிறகும் மூலக்கோப்பை அழிக்காமல் தனிக் கோப்புறையில் வைத்திருக்கிறேன். இந்த வேலை முழுவதையும் விண்டோஸில் இருந்துகொண்டே செய்திருக்கலாம் என்பது உண்மை. இயங்குதளம் மாறியபோதுதான் எந்தக் கோப்பு எழுத்துருவை மட்டுமே நம்பி நிற்கிறது என்பது வெளிச்சமாயிற்று.

அச்சுப்பொறி எப்படி அமையும் என்பது வாங்கிய காலத்தைப் பொறுத்தது. அண்மைய ஆண்டுகளில் வந்த, வலையமைப்பில் இணையும் கருவிகள் எந்த இயக்கியும் இல்லாமலே, லினக்ஸில் அச்சிடலைக் கவனிக்கும் கப்ஸ் அமைப்பில் தோன்றிவிடுகின்றன. பக்கத்தை வரையும் வேலை முழுவதையும் கணினியின் மீது சுமத்தும் மலிவான பழைய லேசர் கருவிகளுக்கோ உற்பத்தியாளர் தரும் மூடிய இயக்கி வேண்டும். அது பழைய பதிப்புகளோடு நின்றுவிட்டிருந்தால் பாடுதான். என் வீட்டில் இருப்பது இந்த இரண்டாம் வகை. ஆகவே பிடிஎஃப் ஆக்கித் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் அச்சிட்டுக்கொள்கிறேன்.

எல்லோரும் மாறிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. டாலியில் கணக்கு எழுதுபவர்கள், சரக்கு சேவை வரிக்கும் ஒப்பந்தப்புள்ளிக்கும் இலக்கக் கையொப்பச் சாதனத்தைச் செருகிப் பயன்படுத்துபவர்கள், பேஜ்மேக்கரிலும் போட்டோஷாப்பிலும் பக்கம் கட்டும் அச்சகத்தினர் ஆகியோருக்குத் தொழிலே அந்த மென்பொருள்களில் இருக்கிறது. அவர்கள் விண்டோஸ் 11 ஏற்கும் கணினிக்கு மாறுவதே நல்லது. பழைய கணினியை லினக்ஸாக்கி வீட்டில் வேறொருவருக்குக் கொடுக்கலாம். உலாவி, மின்னஞ்சல், எழுத்து, படம் பார்த்தல், இணையவழி வகுப்பு, வங்கித் தளம் என்ற அளவில் கணினியைப் பயன்படுத்துபவர்களுக்கு எந்தக் குறையும் இராது.

பராமரிப்பு எளிது. புதுப்பிப்பு மேலாளர் கேட்கும்போது ஒப்புதல் தந்தால் இயங்குதளமும் மற்ற மென்பொருள்களும் ஒரே இடத்திலிருந்து புதுப்பிக்கப்படுகின்றன. இயங்குதளத்தின் நிலையை அவ்வப்போது நகலெடுத்து வைக்கும் டைம்ஷிஃப்ட் என்ற கருவி மின்டோடு சேர்ந்தே வருகிறது. நிறுவிய அன்றே அதை இயக்கி வைத்தால், ஏதாவது ஒரு புதுப்பிப்பு சரியில்லாமல் போனாலும் முந்தைய நாள் நிலைக்குத் திரும்பிவிடலாம். அது காப்பது இயங்குதளத்தை மட்டுமே, நம் கோப்புகளை அன்று. கோப்புகளுக்கு, அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க் தவிர, வேறொரு வட்டிலும் ஒரு நகல் வைத்திருக்கிறேன். யூனிகோடுக்கு மாற்றியவை இரண்டிலும் இருக்கின்றன. டிஸ்கி உரைகளில் ஒரு பகுதி இன்னும் பாக்கி.